விடுதலைப் பத்திரம் ஏன் வேண்டும்? மேரி பிரின்ஸின் வாழ்க்கை வழியே ஓர் எளிய விளக்கம்

குடிக்கு அடிமை, கைப்பேசிக்கு அடிமை, பணத்துக்கு அடிமை என்று அந்தச் சொல்லை நாம் நாள்தோறும் புழங்குகிறோம். பேச்சு வழக்கில் அதில் குற்றமில்லை. ஆனால் ஆப்பிரிக்க மக்களின் அடிமை வரலாற்றைப் பற்றிப் பேசும்போதும் அதே தளர்ந்த பொருளை வைத்துக்கொண்டே பேசிவிடுகிறோம். சாட்டையடி பட்டவர், கூலியில்லாமல் உழைத்தவர் என்ற அளவோடு நின்றுவிடுகிறோம். அதனால்தான், "நல்ல எஜமானிடம் வாய்த்தவர்கள் நன்றாகத்தானே இருந்திருப்பார்கள்?" என்றும், "பிரிட்டன் 1807ஆம் ஆண்டிலேயே அதை ஒழித்துவிட்டதே?" என்றும் நன்கு படித்தவர்களே கேட்கிறார்கள். அடிமைத்தனத்தை ஒரு கொடுமையாக மட்டும் கண்டு, அதைத் தாங்கி நின்ற சட்ட ஏற்பாட்டைக் காணாமல் விடுவதால் எழும் கேள்விகள் இவை.

அந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதை ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்து விளக்க முயல்கிறேன். மேரி பிரின்ஸ் 1788ஆம் ஆண்டு வாக்கில், அட்லாண்டிக் கடலில் உள்ள பெர்முடா என்ற பிரிட்டிஷ் காலனியில், ஆப்பிரிக்க வழிவந்த அடிமைக் குடும்பத்தில் பிறந்தார். அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட தன்வரலாறு 1831ஆம் ஆண்டு லண்டனில் அச்சானது. கறுப்பினப் பெண் ஒருவரின் வாழ்க்கை வரலாறு பிரிட்டனில் வெளிவந்தது அதுவே முதல் முறை. இங்கே அவரைப் பற்றிக் கூறப்படுவனவற்றில் பெரும்பகுதி அவர் வாயால் சொன்னதே.

கூலியாளுக்கும் அடிமைக்கும் உள்ள வேறுபாடு

கூலி கொடுப்பவர் வாங்குவது ஒரு நாள் உழைப்பை. கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேலை எவ்வளவு கடினமாக இருந்தாலும், பொழுது சாய்ந்தால் கூலியாள் தன் வீட்டுக்குப் போகிறார். அவருடைய பிள்ளை அவருடைய பிள்ளையாகவே இருக்கிறது. முதலாளி கடன்பட்டால் கடன்காரர் வந்து கூலியாளைப் பிடித்துக்கொண்டு போவதில்லை.

இப்போது ஒரு பசுவை எண்ணிப் பாருங்கள். பசுவை வாங்கியவர் அதன் பாலை மட்டும் வாங்கவில்லை. வேண்டும்போது அவர் அதை விற்கலாம், அடகு வைக்கலாம், மகளுக்குச் சீதனமாக ஓட்டிவிடலாம். அவர் இறந்தால் பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொள்ளலாம். பசு கன்று ஈன்றால் கன்றும் அவருக்கே. இவற்றில் எதற்கும் யாரும் பசுவின் சம்மதத்தைக் கேட்பதில்லை.

மனிதரை விளக்க மாட்டை எடுத்துக்காட்டாக்குவது எழுதும் எனக்கே கூசுகிறது. ஆனால் அக்காலச் சட்டம் இந்த ஒப்பீட்டை வரிக்கு வரி நடைமுறையாக்கி வைத்திருந்தது. ஒரு மனிதர் இன்னொருவரின் சொத்து என்று சட்டமே ஏற்று, நிலத்தையும் கால்நடையையும் போல அவரை விற்கவும் வாங்கவும் வழிவழியாக ஆளவும் இடம் கொடுத்த இந்த ஏற்பாட்டுக்கு உடைமை அடிமைமுறை என்று பெயர்.

மேரியின் குழந்தைப் பருவத்தை இந்த விளக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது முதல் உரிமையாளர் இறந்தார். சொத்துகள் பிரிக்கப்பட்டபோது தாயும் குழந்தையும் விலைக்குப் போனார்கள். வாங்கிய முதியவர் மேரியைத் தம் பேத்தி பெட்சி வில்லியம்ஸ் என்ற சிறுமிக்குப் பரிசாகக் கொடுத்தார். ஒரு குழந்தைக்கு இன்னொரு குழந்தை பரிசு. பன்னிரண்டு வயதானபோது அவர் வேறொரு வீட்டுக்கு வாடகைக்கு விடப்பட்டார்; உழைத்தது மேரி, வாடகை பெற்றது உரிமையாளர் வீடு. மரம் அறுக்கும் தொழிலாளியான தந்தை வேறொருவரின் உடைமை. ஆகவே ஒரே குடும்பத்தின் தாயும் தந்தையும் இருவேறு சொத்துக் கணக்குகளில் இருந்தார்கள்.

பிள்ளை ஏன் தாயின் கணக்கில் சேர்ந்தது? தாய் அடிமையென்றால் குழந்தையும் அடிமை, தந்தை யாராக இருந்தாலும் சரி என்ற விதி அங்கே நிலவியது. இதைத் தாய்வழி நிலை என்று சொல்லலாம். அடிமைப் பெண்ணின் வாழ்க்கையைத் தனியாகப் பேச வேண்டியதற்கு முதன்மையான காரணம் இந்த விதிதான். ஆணிடமிருந்து அந்த ஏற்பாடு உழைப்பைப் பறித்தது. பெண்ணிடமிருந்து உழைப்போடு சேர்த்து அவள் கருப்பையையும் சொத்துப் பெருக்கும் வழியாக்கிக்கொண்டது.

சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் எவ்வளவு துன்புறுத்தப்பட்டார் என்பதை வைத்து அவர் அடிமையா இல்லையா என்று சட்டம் முடிவு செய்யவில்லை. அவர் யாருடைய சொத்தாக எழுதப்பட்டிருந்தார் என்பதே அளவுகோல்.

நல்ல எஜமானி இருந்தால் போதாதா?

வில்லியம்ஸ் வீட்டுப் பெண்மணி இரக்கமுள்ளவர். தம் வாழ்நாளிலேயே மகிழ்ச்சியாக இருந்த காலம் அதுதான் என்று மேரியே சொல்கிறார். தாம் ஓர் அடிமை என்பதன் பொருள் புரியாத வயது என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார். அந்தப் பெண்மணி இறந்தார். கணவருக்கு மறுமணம் செய்யப் பணம் தேவைப்பட்டது. மேரியையும் தங்கைகள் ஹன்னா, டைனா இருவரையும் விற்பது என்று முடிவாயிற்று. இவர்கள் என் அடிமைகள், இவர்களை விற்கத் தந்தைக்கு உரிமையில்லை என்று சிறுமி பெட்சி அழுதாள். அந்தப் பாசத்திலும் மேரி அவளுடைய உடைமையாகவே இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

விற்பனை நாளன்று காலையில் தாய் தன் மூன்று பெண்களுக்கும் புதிய முரட்டுத் துணியில் தைத்த ஆடைகளை உடுத்திவிட்டார். பிள்ளைகளுக்குச் சவத்துணி போர்த்துகிறேன் என்று சொல்லிக்கொண்டே உடுத்தினார். சந்தையில் ஏலக்காரர் மேரியின் கையைப் பிடித்து நடுத்தெருவுக்குக் கூட்டிப்போய், எல்லோரும் பார்க்கும்படி மெல்லச் சுற்றித் திருப்பினார். கசாப்புக்காரர் கன்றை வாங்குமுன் தடவிப் பார்ப்பதுபோல முன்பின் அறியாத ஆண்கள் தம்மைத் தொட்டுப் பார்த்ததையும், ஊமைப் பிராணிக்கு முன்னால் பேசுவதுபோலத் தம் உடலைப் பற்றிப் பேசியதையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தும் மேரியால் மறக்க முடியவில்லை. பெர்முடா நாணயத்தில் 57 பவுண்டுக்கு அவர் விலைபோனார். தங்கைகள் இருவரும் வெவ்வேறு ஆட்களுக்கு. தாய் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

இந்தக் காட்சியில் சட்டத்தை மீறியவர் என்று யாருமே இல்லை. இரக்கமுள்ள எஜமானி உயிரோடு இருந்தவரை காப்பாற்றியது அவருடைய குணம். அவர் இறந்ததும் சட்டம் தன் வேலையைச் செய்தது. குணத்துக்கு ஆயுள் உண்டு, கடன் உண்டு, மறுமணம் உண்டு. அவற்றில் எதையும் மேரியால் தடுக்க முடியாது. அன்பான எஜமானைப் பற்றிய வாதம் எனக்கு என்றைக்குமே ஏற்புடையதாகப் படாததற்குக் காரணம் இதுதான்.

உப்பளம்

புதிய வீட்டில் சாட்டையடியே அன்றாடமாக இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் மேரி டர்க்ஸ் தீவின் உப்பளங்களுக்கு அனுப்பப்பட்டார். விடியற்காலை நான்கு மணிக்கு மண்வெட்டியும் பாதிப் பீப்பாயுமாக இறங்க வேண்டும். ஒன்பது மணிக்கு வேகவைத்த சோளம். அதை அவசரமாக விழுங்கிவிட்டு மீண்டும் பாத்தியில். நாள் முழுவதும் முழங்கால் அளவு உப்புநீரில் நின்றதால் காலும் பாதமும் கொப்புளமாகி, சிலருக்கு எலும்புவரை அரித்தது. அங்கே அவர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இருந்தார்.

ஒருநாள் அடிமைகளை ஏற்றிவந்த படகில் தம் தாயும் இருப்பதாகக் கேள்விப்பட்டு மேரி ஓடிப்போனார். தாய்க்குச் சித்தம் கலங்கியிருந்தது. மகளை அடையாளம் தெரியவில்லை. அவரோடு நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். மேரி அதுவரை பார்த்தேயிராத தங்கை ரெபெக்கா.

1807ஆம் ஆண்டில் ஒழிந்தது எது?

அடிமை வாணிபம் வேறு, அடிமைமுறை வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விற்கும் தொழிலே அடிமை வாணிபம். 1807ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் கப்பல்களுக்கு அதைத் தடை செய்தது. காலனிகளில் ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்களையும் அவர்களுக்கு இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளையும் அது தொடவில்லை. புதிதாக மாடு பிடித்துவரத் தடை விதித்துவிட்டுத் தொழுவத்தில் நிற்பவற்றை அப்படியே விட்டதற்கு இது நிகர். எனவே தடைச் சட்டம் வந்து எட்டு ஆண்டுகள் ஆன பின்பும், 1815 வாக்கில், மேரி 300 டாலருக்கு மீண்டும் விற்கப்பட்டார். வாங்கியவர் ஜான் வுட் என்ற வணிகர். அவருடன் மேரி கரீபியக் கடலில் உள்ள ஆன்டிகுவா தீவுக்குப் போனார்.

தன்னையே விலைக்கு வாங்குதல்

ஆன்டிகுவாவில் வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, துணி வெளுப்பு. வாதநோய் வந்து கைகால் முடங்கியபோதும் வேலை ஓயவில்லை. எஜமானர்கள் வெளியூர் போகும் நாள்களில் மேரி தமக்கென்று உழைத்தார். துணி வெளுத்துக் கொடுத்தார். துறைமுகத்துக் கப்பல் தலைவர்களுக்குக் காப்பியும் கருணை போன்ற கிழங்கும் விற்றார். கப்பலில் மலிவாகக் கிடைத்த பன்றியை வாங்கிக் கரையில் இரட்டை விலைக்கு விற்றார். காசு காசாகச் சேர்த்ததெல்லாம் ஒரே நோக்கத்துக்காக: தன்னைத் தானே வாங்கிக்கொள்ள.

உரிமையாளர் ஒருவர் தம் அடிமையின்மேல் தமக்குள்ள உரிமையை எழுத்தில் துறந்து, இனி இவர் சுதந்திரமானவர் என்று பதிவு செய்வதே அடிமை விடுவிப்பு. அந்த ஆவணத்தை இக்கட்டுரையில் விடுதலைப் பத்திரம் என்கிறேன். வீட்டை விற்றவர் எழுதிக் கொடுத்தால்தான் பத்திரம் செல்லும் என்பதுபோல, உரிமையாளர் இசைந்தால்தான் விடுதலைப் பத்திரம் பிறக்கும். பணம் கையில் இருந்தும் வுட் குடும்பத்தார் இசையவில்லை. மேரியை விலைகொடுத்து விடுவிக்க முன்வந்த வேறொருவருக்கும் மறுப்பே பதிலாயிற்று.

1826ஆம் ஆண்டு மேரி, டேனியல் ஜேம்ஸ் என்பவரை மொரேவியத் தேவாலயத்தில் மணந்தார். அவர் தச்சர், பீப்பாய் செய்பவர். தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கியிருந்த கறுப்பினத்தவர். மணச் செய்தி தெரிந்ததும் வுட் மேரியைக் குதிரைச் சாட்டையால் அடித்தார். தம் துணியை வெளுக்கும் தொட்டியில் கறுப்பு ஆண் ஒருவனின் துணி விழக்கூடாது என்று எஜமானி தடை போட்டார்.

என்னைப் பொறுத்தவரை, சுதந்திரம் என்ற பெரிய சொல்லின் பொருள் முழுவதும் அந்தத் தொட்டியருகே தெரிகிறது. மணமான பெண்ணுக்குத் தன் கணவனின் சட்டையை வெளுக்கவும் இன்னொருவரின் அனுமதி வேண்டும். ஒரு குழந்தை பிறந்திருந்தால், தந்தை சுதந்திர மனிதராக இருந்தும், தாய்வழி நிலையால் அது வுட்டின் சொத்தாகப் பதிவாகியிருக்கும்.

மண் மாறினால் நிலை மாறுமா?

1828ஆம் ஆண்டு வுட் குடும்பம் லண்டனுக்குப் போனபோது மேரியும் உடன் போனார். இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. இங்கிலாந்து மண்ணில் கால் வைத்த அடிமை அந்த நொடியே விடுதலை பெற்றுவிடுவார் என்று அன்றும் நம்பினார்கள், இன்றும் எழுதுகிறார்கள்.

1772ஆம் ஆண்டு ஜேம்ஸ் சோமர்செட் என்ற அடிமை தொடர்பான வழக்கில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். சோமர்செட்டை லண்டனில் பிடித்து ஜமைக்கா செல்லும் கப்பலில் கட்டிவைத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து ஒருவரை இப்படி வலுக்கட்டாயமாக வெளியேற்ற உரிமையாளருக்கு அதிகாரம் தரும் சட்டம் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். அடிமைமுறையே செல்லாது என்று அது பொதுவாக அறிவிக்கவில்லை. காலனிகளைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை.

மேரி லண்டன் போவதற்கு ஓராண்டு முன்னர், 1827ஆம் ஆண்டில், இன்னொரு தீர்ப்பு வந்தது. கிரேஸ் என்ற அடிமைப் பெண் எஜமானியோடு ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். இங்கிலாந்தில் வாழ்ந்ததால் அவர் விடுதலை பெற்றவரா என்பது கேள்வி. இங்கிலாந்தில் இருந்தவரை உரிமையாளரின் அதிகாரம் உறங்கிக் கிடந்தது, ஆன்டிகுவாவுக்குத் திரும்பியதும் அது மீண்டும் விழித்துக்கொண்டது என்ற பொருள்பட ஸ்டோவெல் பிரபு தீர்ப்பளித்தார். மழைநீர் வடியும்வரை மறைந்திருக்கும் வரப்பு, வடிந்ததும் பழைய இடத்திலேயே தெரிவதுபோல.

மேரியின் இக்கட்டை இனி எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வாதநோயோடு லண்டன் குளிரில் பெருந்துணி வெளுக்க முடியாமல் அவர் தவித்தபோது, வேலை செய், இல்லையேல் வெளியே போ என்று வுட் வீட்டார் பலமுறை மிரட்டினார்கள். 1828 ஆகஸ்டில் வுட் ஒரு தாளிலேயே எழுதிக் கொடுத்தார்: இவள் இப்போது சுதந்திரமானவள், மூட்டையை எடுத்துக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று. சுதந்திரம் என்ற சொல் அதில் இருந்தது. ஆனால் அது விடுதலைப் பத்திரம் அல்ல; இங்கிலாந்துக்கு வெளியே அந்தத் தாளுக்கு ஒரு காசு மதிப்பும் கிடையாது.

அறிமுகமில்லாத நகரத்தில், குளிர்காலம் நெருங்கும் வேளையில், மேரி தம் பெட்டியோடு அந்த வீட்டைவிட்டு வெளியேறினார். அந்த வீட்டுக்குக் காலணிகளுக்கு மெருகு போட வந்துகொண்டிருந்த ஏழைத் தொழிலாளியும் அவர் மனைவியும் இடம் கொடுத்தார்கள். பின்னர் அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தை அணுகினார். வழக்கறிஞர்கள் சொன்ன விடை சுருக்கமானது: இங்கே நீங்கள் சுதந்திரமானவர், ஆன்டிகுவாவில் இறங்கினால் வுட்டின் அடிமை. லண்டனில் சுதந்திரம் இருந்தது, கணவர் இல்லை. ஆன்டிகுவாவில் கணவர் இருந்தார், சுதந்திரம் இல்லை. இரண்டையும் ஓரிடத்தில் சேர்க்கக்கூடியது வுட்டின் கையெழுத்து ஒன்றே.

1829 ஜூனில் மேரியின் பெயரால் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு போயிற்று. சங்கத்தினர் பணம் தர முன்வந்தார்கள். ஆன்டிகுவா ஆளுநர் வழியாகவும் முயன்றார்கள். நோயுற்ற, தமக்கு இனி எந்தப் பயனும் இல்லாத, கடல் கடந்து இருக்கும் ஒரு பெண்ணை விடுவிக்க வுட் கடைசிவரை மறுத்துவிட்டார்.

இதுவரை கண்டதைத் தொகுத்தால்: ஒருவர் விடுதலை பெற்றவரா என்பது அவர் நிற்கும் மண்ணைப் பொறுத்து மாறியது. எங்கு போனாலும் உடன் வரும் விடுதலைக்கு உரிமையாளரின் பத்திரம் வேண்டும், அல்லது உரிமையாளரின் சம்மதமே தேவைப்படாதபடி சட்டம் மாற வேண்டும்.

சொல்லை நம்ப வைத்தல்

சங்கத்தின் செயலர் தாமஸ் பிரிங்கிள் வீட்டில் மேரி சம்பளத்துக்கு வேலை செய்தார். அங்கேதான் அவர் தம் வாழ்க்கையைச் சொல்ல, சூசன்னா ஸ்டிரிக்லண்ட் எழுதினார். நூல் வெளியானதும், இவ்வளவும் உண்மையா, அடித் தழும்பு இருக்கிறதா என்று இரக்கமுள்ளவர்களே கேட்டார்கள். பிரிங்கிளின் மனைவி மேரியின் முதுகைப் பார்வையிட்டு, தழும்புகள் இருப்பதை உறுதி செய்து 1831 மார்ச்சில் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஏலச் சந்தையில் ஒருமுறை பலர் பார்க்கக் காட்டப்பட்ட உடல், உண்மைக்குச் சான்றாக இன்னொரு முறை காட்டப்பட்டது. 1833ஆம் ஆண்டு, நூல் தொடர்பான அவதூறு வழக்குகளில் அவர் லண்டன் நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னார். அவர் பிறந்து வாழ்ந்த காலனிகளில், வெள்ளையர் ஒருவருக்கு எதிராக அடிமையின் சாட்சியம் நீண்ட காலம் ஏற்கப்படாமலே இருந்தது. ஆகவே விடுதலையின் மதிப்பில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: தன் வாயால் சொன்னதை ஒரு நீதிபதி காது கொடுத்துக் கேட்பது.

சட்டம் மாறியபோது

1833ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1834 ஆகஸ்ட் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 8 லட்சம் பேரை அது தொட்டது. அதற்காக 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. இழப்பீடு என்றால் இழந்தவருக்குக் கொடுப்பது; இங்கே இழந்தவராகக் கருதப்பட்டவர் உரிமையாளர். உழைத்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. கடைசி நாள்வரை சட்டத்தின் கண்ணில் அவர்கள் சொத்தாகவே இருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பெரும்பாலான காலனிகளில் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் பழைய எஜமானிடமே கூலியின்றி உழைக்கும் கட்டாயம் 1838 வரை நீடித்தது.

இந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று அதன் பிரிவு ஒன்றிலேயே எழுதப்பட்டிருந்தது. இந்தியாவில் 1843ஆம் ஆண்டும் இலங்கையில் 1844ஆம் ஆண்டும் தனிச் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. தமிழ் மண்ணில் ஓலையில் எழுதி ஆளை விற்ற வழக்கத்துக்கு 1834ஆம் ஆண்டின் ஆகஸ்ட் எந்த முடிவையும் தரவில்லை.

பெர்முடாவும் ஆன்டிகுவாவும் பயிற்சிக் காலம் வேண்டாம் என்று முடிவு செய்தன. ஆன்டிகுவாவில் ஏறத்தாழ 29,000 பேர் ஒரே இரவில் விடுதலை பெற்றார்கள். ஜூலை 31 அன்று இரவு மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்தார்கள். கடிகாரம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியதும் முழங்காலிட்டார்கள். கடைசி மணி ஓய்ந்த பின்பும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்த மணிக்குப் பிறகு மேரி பிரின்ஸ் லண்டனிலிருந்து ஆன்டிகுவாவுக்குக் கப்பலேறியிருந்தால், கையில் எந்தப் பத்திரமும் இல்லாமலே கரையிறங்கி, கணவரின் துணியைத் தம் சொந்தத் தொட்டியில் வெளுத்திருக்கலாம்.